யானை நீந்திய பக்கம்

கருவாட்டைப் புதிதாய் அச்சான காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறார்களே, அந்த வாடை. மை காயாத தாளும் உப்புக் காயாத மீனும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு எழும்புகிற அந்த வாடை மூக்கில் ஏறினால் போதும், சந்தையானாலும் சாலையானாலும் நான் நின்ற இடத்தில் நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு திட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு எதுவும் காதில் விழாது. கண்ணுக்கு முன்னால் ஒரு பச்சைத் திரை மட்டும் காற்றில் உப்பி உப்பி அடங்கும். அப்படியே முகம் சுட்டுவிடும். பயத்தினால் இல்லை, வெட்கத்தினால்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த ஆவி, ஆத்மா, காற்று, கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். கண்மாய்க் கரையில் முனி நடக்கிறது என்று ஊரே சுற்றிப் போகிற இடத்தில் உட்கார்ந்து பகல் முழுக்கப் படம் வரைந்தவன் நான். முனி வந்தால் அதையும் வரைந்துவிடலாம் என்று இருந்தேன், வரவில்லை. அதனால் நீங்கள் இப்போது உதட்டோரம் சிரிக்கிறீர்களே, அந்தச் சிரிப்பை நானும் நிறையச் சிரித்திருக்கிறேன். பேய்க்கதைக்கு ராத்திரி வேண்டும், மழை வேண்டும், நாய் ஊளையிட வேண்டும். இதில் அதெல்லாம் இல்லை. இது பட்டப்பகல், பாம்பன் வெயில்.

பாம்பன் பாலத்தை அடித்துக்கொண்டு போன புயலுக்கு முந்தைய காலம். சுதந்திரம் வந்த சந்தோஷம் பழகிப்போய், பி.ஏ. படித்தவனுக்கெல்லாம் வேலை வரும் என்ற நம்பிக்கையும் பழசாகிப்போன வருஷங்கள். நான் கலைப் பாடம் எடுத்துப் பட்டம் வாங்கினவன், கூடவே கொஞ்சம் ஓவியம், கொஞ்சம் வசனத்தில் கவிதை. மூன்றையும் சேர்த்து அரைத்தாலும் ஒரு வேளைத் துவையலுக்கு ஆகாது. ராமநாதபுரத்தில் ஓர் அச்சாபீஸில் புரூஃப் பார்க்கக் கொடுத்தார்கள். நிரந்தர ஆள் இல்லை. புரூஃப் கட்டு வந்தால் வேலை, வராவிட்டால் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். பிழை திருத்துவதோடு, கேட்டால் வாக்கியத்தையும் சீர் பண்ணிக் கொடுப்பேன். என் அய்யாவுக்கு இந்தத் தொழில் கடைசி வரை விளங்கவில்லை. அறுப்புக்கு ஊருக்குப் போயிருந்தபோது களத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏலே, பி.ஏ. படிச்சுட்டு ஊரான் எழுதுனதுக்குப் பேன் பாக்குறியாக்கும்?" களமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அந்தப் பேன் பார்க்கிற கண்தான் போய்க்கொண்டிருந்தது. அதுதான் யாருக்கும் தெரியாத சங்கதி.

தூரத்துப் பாய்மரம் தெளிவாய்த் தெரியும். பாலத்தில் நிற்கிற கொக்கின் கால் தெரியும். மடியில் விரித்த தாளில் இருக்கும் எழுத்து மட்டும் ஈர மணலில் நண்டு ஓடிய தடம்போல் கலைந்துகொண்டே இருக்கும். வரி என்று தெரியும், வார்த்தை தெரியாது. ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொள்வதற்கென்ன என்று கேட்பீர்கள். எனக்கு முன்னால் அங்கே புரூஃப் பார்த்த பெரியவர் தடிக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த வாரமே முதலாளி அவருக்குக் கட்டுக் கொடுப்பதை நிறுத்தியிருந்தார். "கண்ணு இல்லாதவனுக்கு எதுக்குய்யா இந்த வேலை" என்று முதலாளி சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அதனால் ஒரு பூதக்கண்ணாடியை வாங்கி ஒளித்து வைத்துக்கொண்டு, மொட்டை மாடி வெயிலில் குந்தி, ஒவ்வொரு எழுத்தாய்ப் பொறுக்குவேன். தலைவலி மண்டையைப் பிளக்கும். பாதி பார்ப்பேன், பாதி விடுவேன்.

இந்த நிலைமையில்தான் பாம்பன் வேலை வந்தது.

அங்கே தோணி வியாபாரம் செய்து நொடித்து, பிறகு கருவாட்டுக் கொள்முதலில் நிமிர்ந்த ஒரு குடும்பம். வீட்டுப் பெரியவர் வாலிபத்தில் கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று கடலெல்லாம் சுற்றியவர், வயசில் பார்வை போய்விட்டது. பார்வை போன பிறகு தான் பார்த்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, மகள் ஜைனம்பு எழுதியிருக்கிறாள். எழுதி முடித்த கொஞ்ச நாளில் அவர் மவுத்தாகிவிட்டார். வருஷ நினைவு நாளில் ஓதுகிற பாத்திஹாவுக்கு அதைப் புத்தகமாய்ப் போட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பது என்று மகன் ஹமீது முடிவு பண்ணி அச்சாபீஸுக்கு வந்தார்.

கையெழுத்துக் கட்டை வீட்டை விட்டு வெளியே கொடுக்க மாட்டோம் என்றார்கள். அச்சுக் கோக்கிறதற்கென்று ஒரு நகல் எழுதிக் கொடுத்தார்கள். மூலத்தோடு ஒத்துப் பார்க்க நான்தான் அங்கே போக வேண்டும். எங்கள் தொழிலில் ஒத்துப் பார்ப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மூலத்தைச் சத்தமாய்ப் படிப்பார், கமா, புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்லிப் படிப்பார். இன்னொருவர் புரூஃபில் கண்ணை ஓட்டிக்கொண்டே வருவார், மாறுகிற இடத்தில் "நில்லுங்க" என்பார். அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஜைனம்பு, அவரோ வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். ஆக, உள்ளறை வாசலில் பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் முற்றத்தை ஒட்டிய கூடத்தில் பாயும் சாய்வுப் பலகையுமாய் நான்.

முதல் நாள் ஹமீது சொன்னார்: "சார், வாப்பா பேசுனது பேசுன மாதிரியே கெடக்கு. நீங்க படிச்சவுக, கொஞ்சம் மெருகு போட்டு விடுங்க."

திரைக்குப் பின்னாலிருந்து அண்ணனுக்குப் பதில் வந்தது: "மெருகு போட வாப்பா என்ன பித்தளைச் சொம்பா காக்கா? ஒரு சொல்லு மாறக் கூடாது. எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காக."

ஹமீது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேட்டீகளா? வாப்பா போனாலும் அதிகாரம் போகல."

அப்படித்தான் அந்தக் குரலைத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் கனத்த குரல், ஆனால் ஈரமுள்ள குரல். "தோணி கொழும்புத் துறையில் நங்கூரம் போட்டது, புள்ளி. காற்றே இல்லை, கமா, கடல் தூங்கிக்கொண்டிருந்தது, புள்ளி." கேட்டுக்கொண்டே இருக்கலாம். நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, கலைந்துபோகிற நண்டுத் தடங்களின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "ம், மேலே" என்பேன். சந்தேகம் வரக்கூடாதே என்று நடுவில் ஒருதரம் "நில்லுங்க" என்று சொல்லி, ஓரத்தில் சும்மா ஒரு கீறல் போடுவேன். திரை இருந்தது நல்லதாய்ப் போயிற்று என்று அன்றைக்கு நினைத்தேன். ஒரு நாள் ஏதோ ஓர் இடத்தில் அவர் ரொம்ப நேரம் நிறுத்தினார். திரை அசைந்தது, மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது. நான் வழக்கம்போல "ம், மேலே போங்க" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "சரிண்ணே" என்று மேலே போனார். அதிலிருந்து அவர் வாசிப்பது கொஞ்சம் மெதுவானது. எனக்கு ஏன் என்று தோன்றவில்லை.

முதல் திருத்தமெல்லாம் இப்படிப் பூசி மெழுகி முடிந்தது. கடைசியாய்ப் பக்கம் கட்டின புரூஃப் முழுக் கட்டாய் வந்தது. இதில் நான் "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இயந்திரத்தில் ஏற்றிவிடுவார்கள். பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. ராமநாதபுரத்தில் ரயில் ஏறும்போதே தெரியும், உள்ளே எத்தனை பிழை கிடக்கிறதோ அத்தனையும் அப்படியே அச்சாகப்போகிறது. ஒரு மகள் சத்தியம் பண்ணிக் காத்த புத்தகம் என் கையால் சொத்தையாகப்போகிறது. சொல்லிவிடலாம் என்று மண்டபம் வரை நினைத்தேன். பாலத்தில் ரயில் ஊர்ந்தது. கீழே கடல் பளபளவென்று கண்ணைக் குத்தியது. சொல்ல வேண்டாம் என்று பாம்பனில் இறங்கினேன்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து தெருவே படுத்திருக்கிற வேளை. கூடத்தில் பாய் இல்லை, சாய்வுப் பலகை மட்டும் சுவரோரம் இருந்தது. வழக்கம்போல இருமினேன்.

"உக்காருங்க" என்றது திரைக்குப் பின்னால் அதே குரல்.

தரையிலேயே உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். புரூஃப் தாளை ஈரப்படுத்தித்தான் எடுப்பார்கள், அது காயாமல் மை வாடையோடு குளிர்ந்து கிடந்தது. வாசிப்பு ஆரம்பித்தது. நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டது. வாசிப்பில் ஒரு வார்த்தை இரண்டு தடவை வந்தது. நா தடுக்கியிருக்கும் என்று விட்டேன். பிறகு ஒரு வாக்கியம் பாதியில் அறுந்து, சம்பந்தமில்லாமல் அடுத்தது தொடங்கியது. குரல் நின்றது.

"இங்கன இப்படிக் கெடக்கு. சொன்னது இப்படி இல்ல, நடுவுல ஒரு வரி போயிருச்சு."

பூதக்கண்ணாடியை எடுத்தேன், முதன்முதலாய் அந்த வீட்டில் வைத்து எடுத்தேன். மடியில் இருந்த பக்கத்தில், அதே இடத்தில் வரி விட்டுப்போயிருந்தது. நம்பினால் நம்புங்கள், திரைக்குப் பின்னால் வாசிக்கப்பட்டது மூலம் இல்லை. என் மடியில் கிடந்த புரூஃப். தப்பும் தவறுமாய் எப்படி அச்சாகியிருந்ததோ அப்படியே.

அச்சாபீஸ்காரர்கள் இவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருப்பார்கள் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால், "ஏன், உங்க கையில இருக்கிறது உங்களுக்குத் தெரியலையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டால்? அந்த ஒரு பயத்தில் வாயைத் திறக்கவில்லை. பேய்ப்பயத்தைவிடப் பெரியது அது. குரல் சொல்லச் சொல்லக் குறித்தேன். "இந்த எழுத்து தலைகீழா நிக்குது" என்றது, பார்த்தால் அச்சுக் கோத்தவன் ஈய எழுத்தைக் கவிழ்த்து வைத்திருந்தான். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் டொக், டொக் என்று மரத்தில் தட்டுகிற சத்தம் வந்தது. வளையல் பட்டிருக்கும் என்று நினைத்தேன், முன் நாட்களில் அப்படிக் கேட்டதில்லை.

ஓர் இடத்தில் பென்சிலை வைத்தேன். குரல் சொன்னது: "அந்த வரி இல்ல. அதுக்குக் கீழ் வரி. பென்சில் மேல நிக்குது."

நடுமுதுகில் ஈரத்துணி பட்டது போல இருந்தது. திரை அசையவில்லை. முற்றத்தில் வெயில் அப்படியே கொட்டிக் கிடந்தது, ஒரு காக்கை தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் பென்சிலை ஒரு வரி கீழே இறக்கினேன். ஏன் என்றால் என் வேலை நடந்துகொண்டிருந்தது, அதுதான் உண்மை. இந்தக் கண்ணோடு இன்னொரு நாள் வராது, நடக்கிற வரை நடக்கட்டும் என்று கல்லாய் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை குறித்தேன்.

டொக், டொக்.

"அம்புட்டுத்தான். கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். "அச்சிடலாம்" என்று எழுதினேன்.

மை உலர ஊதிக்கொண்டிருந்தபோது ஹமீது மருந்துக் குப்பியோடு தெருவிலிருந்து வேர்த்து விறுவிறுத்து நுழைந்தார். "அடடா சார், ஒங்களுக்கு ஆள் விட்டுச் சொல்ல மறந்தே போனேன்! தங்கச்சிக்கு அனல்காய்ச்சல், மேல மாடி மெத்தையில கெடக்கு. உம்மா பக்கத்துல இருக்காக. ரெண்டு நாளா கண்ணு தொறக்கல, பெனாத்திக்கிட்டே கெடக்கு. ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருக்கீகளோ?"

திரையைப் பார்த்தேன். "உள்ளே?" என்றேன்.

"உள்ளயா? அங்கன எங்க சார் எடம்?" என்று போய்த் திரையை ஒரே இழுப்பில் ஒதுக்கினார்.

கருவாட்டுச் சாக்கு. வாசற்படியிலிருந்து விட்டம் வரை மூட்டை மூட்டையாய் அடுக்கியிருந்தது. ஓர் ஆள் நிற்க, ஒரு கை நுழைய இடமில்லை. "கொட்டகையில தண்ணி எறங்கிருச்சு, நேத்துதான் இங்கன கொண்டாந்து ஏத்துனோம். வாப்பா எழுத்துக்கட்டுகூட அந்தச் செவுத்தோரப் பெட்டியில சிக்கிக்கிருச்சு, மூட்டைய எறக்குனாத்தான் எடுக்க முடியும்" என்றார்.

அப்போதுதான் வாடை வந்தது. முகத்தில் அறைந்தது. அத்தனை நேரம் இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறேன், ஒரு துணிதான் நடுவில். மை வாடையைத் தவிர எனக்கு எதுவும் வரவில்லை.

ஹமீதிடம் ஒன்றும் சொல்லவில்லை. "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று கட்டை அள்ளிக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன். பெட்டியில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு குறியாய்ப் பார்த்தேன். எல்லாம் என் கை. எல்லாம் சரி.

புத்தகம் வந்தது. ஒரு பிழை இல்லை. அச்சாபீஸ் முதலாளி எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டி, "கழுகுக் கண்ணுய்யா ஒமக்கு!" என்றார். அதிலிருந்து எங்கே பிழை நுணுக்கமாய்ப் பார்க்க வேண்டுமோ அங்கே என் பேர் போயிற்று. மதுரையிலிருந்துகூடக் கட்டு வந்தது. கழுகுக் கண் என்று யாராவது சொல்லும்போது உங்களுக்கு என் காது நுனி தெரியாது, அது எரியும். இன்றைக்கு நான் பெரிய கண்ணாடி போட்டிருக்கிறேன், பார்க்கிறீர்களே. யாரும் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் இப்போதும், கண்ணுக்குத் தப்பி ஒரு பிழையைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன் என்று வையுங்கள், எங்கேயோ மரத்தில் டொக் என்று ஒரு சத்தம். பெரும்பாலும் பல்லியாய்த்தான் இருக்கும். திரும்பிப் போய்ப் பார்த்தால் பிழை இருக்கும். பல்லிக்குப் படிக்கத் தெரியுமா என்று நானே என்னைக் கேட்டுக்கொள்வேன், சிரிப்பு வராது.

பாத்திஹா அன்றைக்குப் புத்தகக் கட்டுகளைக் கொண்டுபோய் இறக்கினேன். வீடு நிறையச் சனம். சாக்கெல்லாம் போய்விட்டிருந்தது. அதே பச்சைத் திரையைத் துவைத்துக் கட்டியிருந்தார்கள். ஹமீது ஒரு பிரதியைத் திரைக்கு உள்ளே நீட்டினார். தாள் புரளும் சத்தம் கேட்டது. விருந்துக்கு ஆள் கூப்பிட ஹமீது வெளியே போன பிறகு, இளைத்துப்போன அந்தக் குரல் வந்தது.

"ஒரு எழுத்து மாறல. நல்லா இருப்பீகண்ணே."

"எல்லாம் நீங்க வாசிச்சதுதான்" என்று இழுத்தேன்.

"நானா? நீங்க மொதக் கட்டு பாத்தப்பவே நான் யானைய விட்டுப் பாத்தேன்."

"யானையா?"

"வாப்பா சொல்லாதது. நானாச் சேத்து வாசிச்சேன். அப்போது ஒரு யானை நீந்தி வந்து, கமா, தோணியில் ஏறி வெற்றிலை கேட்டது, புள்ளி. ம், மேலே போங்கன்னீக."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நடுவில் திரை இருக்கிறது, நான் குனிந்தது அவருக்குத் தெரியாது என்று அப்போதும் தோன்றவில்லை.

"கண்ணு போன மனுசரோட எத்தன வருசம் இருந்திருக்கேன். அவுக இப்படித்தான், தெரியிற மாதிரியே ம் போடுவாக. காக்காட்ட சொன்னா ஒங்க பொழப்புப் போயிரும். சொல்லாட்டி வாப்பா புத்தகம் போயிரும். அந்த வேதனையிலதான் காய்ச்சலே வந்துச்சு."

"அன்னைக்கு நீங்க மெத்தையிலதானே இருந்தீங்க?" என்றேன். "கீழே உங்க குரல்லதான் கேட்டேன்."

வெளியே யாரோ நெய்ச்சோறு போதும் போதும் என்று கத்தினார்கள்.

"எங் கொரலா? நானும்தாங் கேட்டேன். உம்மாவுக்குக் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு. பக்கம் முடிய மோதிரத்தால பலகையத் தட்டுனது வரைக்கும் கேட்டுச்சு. அது யாரு பழக்கம்னு இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அல்லாஹ்தான் அறிவான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அந்தக் குரல் ஒரு தடவைகூட என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. "வாப்பா சொன்னது" என்றும் சொல்லவில்லை. "சொன்னது இப்படி இல்ல" என்று மட்டும்தான் சொன்னது.

செருப்பைத் தேடினேன். கால் கிடைக்கவில்லை, செருப்புத்தான் கிடைத்தது. "வாரேம்மா" என்று வாசல்படி இறங்கினேன்.

"அண்ணே."

நின்றேன்.

"மொதல்ல ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க. ஒவ்வொரு தடவையும் வாப்பா வர மாட்டாக."